கலோலி நாரையின் சிறகை வெட்டுங்கள்!

படுக்கையறையிலிருந்து கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. நீளமாக இழுக்கும் ஊதல். அடுக்களையில் மட்டோக்கே வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்த நப்போசா கத்தியை நிறுத்திவிட்டு மனத்துக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"அநியாயம்!" என்று அலறியது படுக்கையறை.

நப்போசா மறுபடி சீவத் தொடங்கினாள். பயப்பட ஒன்றுமில்லை. அவள் கணவர் கயோண்டோ கைபேசியில் ஒரு சீட்டாட்டம் தோற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்பான வாசகர்களே, இந்த அலறலுக்குச் சொந்தக்காரரை, எந்தச் சீட்டுக்கும் பலம் மிஞ்சிவிடாமல் காவல் நிற்கும் சமநிலைக் காவலர் என்று அழைப்போம். உலகத்தில் தோற்பவர்கள் இரண்டு வகை. தோற்றதும் தலையைச் சொறிந்துகொண்டு, எங்கே தப்புப் பண்ணினோம் என்று யோசிக்கிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்கு யோசித்து, திருந்தி, ஜெயித்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் காவலர் இரண்டாவது வகை. தோற்ற மறுகணமே அவர் தன்னை ஆட்டக்காரர் பதவியிலிருந்து விடுவித்துக்கொண்டு நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். "நான் தோத்ததுக்காகச் சொல்லல" என்றுதான் ஆரம்பிப்பார். கடந்த ஐந்து நிமிடத்துக்குள் தோற்காத ஒருவர் வாயிலிருந்து இந்த வாக்கியத்தை நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

ஆட்டத்தின் பெயர் ‘ஏழு குன்றுகள்’. கம்பாலாவில் பாதிப் பேர் கைபேசியில் அது இருக்கிறது. பொட்டலம் பொட்டலமாகச் சீட்டு சேர்க்க வேண்டும். சேர்த்ததில் முப்பதைத் தேர்ந்தெடுத்துக் கட்டு கட்ட வேண்டும். தெரிந்தவரோ தெரியாதவரோ, யாராவது ஒருவருடன் மோத வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை, ஒரு பலம். முதல் சுற்றில் ஒரு புள்ளி செலவழிக்கலாம், இரண்டாவதில் இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டு போகும். ஆறாவது சுற்றில் வானம் இருளும். கலோலி இறங்கும்.

கலோலியைக் கம்பாலாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குப்பைமேட்டில், வழுக்கைத் தலையும் தொங்கும் கழுத்துப் பையுமாக, ஓய்வுபெற்ற தாசில்தார் மாதிரி நிற்கிற அதே பெருநாரைதான். ஆட்டத்திலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. அதுவரை ஆட்டக்காரர் கழித்துப் போட்ட சீட்டுகள் அத்தனையையும் தின்றுவிட்டு, தின்றது எத்தனையோ அத்தனை பலத்தோடு எழுந்து நிற்கும். விலை ஆறு. அதை ஏழாக்க வேண்டும் என்பதுதான் கயோண்டோவின் வாழ்க்கை லட்சியம். "சிறகை வெட்டுங்க!" என்பது அவருடைய போர் முழக்கம்.

அவர் பிழைப்புக்குச் செய்வது, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. நிடிண்டா சாலையில் அவருடைய பழைய டொயோட்டாவில் கற்றுக்கொள்ளப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிளட்சைப் பற்றிச் சொல்லித்தந்தது கொஞ்சம்; கலோலியைப் பற்றிச் சொல்லித்தந்தது நிறைய. எதிரே லாரி வரும், பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள் டாக்சிகள் ஈ மொய்ப்பதுபோல மொய்க்கும், ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். "இந்த ரவுண்டானாவை விடும்மா. ஆறாவது சுத்துல உன் எதிராளி கலோலியை இறக்கறான். என்ன பண்ணுவே? ஒண்ணும் பண்ண முடியாது! இது நியாயமா?" என்பார் காவலர்.

காவலரின் சட்டப் புத்தகம் ரொம்பச் சின்னது. தன்னைத் தோற்கடித்த சீட்டு அநியாயமானது. தன் கையில் இல்லாத சீட்டு, பணம் பிடுங்கும் சதி. தான் ஆடுகிற சீட்டு மட்டும் ‘ஆழமானது, மூளை உள்ளவங்களுக்கு’. அவருடைய சீட்டுக்கட்டிலும் இரண்டு கலோலி இருக்கிறதே என்று நப்போசா ஒருநாள் கேட்டுவிட்டாள். கயோண்டோ துடித்துப் போனார்.

"ஊரே அதை வெச்சுக்கிட்டு அலையறப்ப நான் மட்டும் வெறுங்கையோட போகணுமா? அவங்க பேராசையில வெச்சிருக்காங்க. நான் வேற வழியில்லாம வெச்சிருக்கேன். வித்தியாசம் இல்ல?"

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. யார் இல்லை என்றது?

போன வருஷம் இதே காவலர் ‘நைல் முதலை’க்கு எதிராகப் புரட்சி நடத்தினார். கம்பெனிக்கு முப்பத்தொன்பது கடிதம் எழுதினார். எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. தற்செயலோ, கடிதம் தாங்க முடியாமலோ, கம்பெனி முதலையின் பலத்தை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. அன்று கயோண்டோ தெருமுனைக் கடையில் முட்டைச் சப்பாத்தி வாங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் விநியோகித்தார். மூன்றாம் நாள் கலோலி வந்து குந்திக்கொண்டது. குப்பை சேர்வதற்குள் எதிராளியைத் தின்று முடித்துவிடும் முதலை இருந்தவரை, அந்தப் பறவையை யாரும் சீண்டக்கூட இல்லை. முதலைக்குப் பல் போனதும் ஊரெல்லாம் நாரை.

"முதலையைக் குறைக்கச் சொன்ன மடையன் எவன்?" என்று கேட்டார் கயோண்டோ. நாற்பதாவது கடிதத்தில், எழுத்து மூலமாகவே.

இந்தக் கடிதங்களைப் படித்துப் படித்தோ என்னவோ, கம்பெனி இந்த மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எந்தச் சீட்டைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் ஆட்டக்காரர்கள் சார்பாக ஒரே ஒரு நாற்காலி. மனுப் போட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். வடிகட்டி மிஞ்சியவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவர் கயோண்டோ. இன்னொருவர், ஐயோ, சாலி! தெருக்கோடியில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற சாலி. கயோண்டோவை வாரத்துக்கு மூன்று தடவை கலோலியால் கொத்துகிற சாலி.

அந்த நாற்காலிக்காக நம் காவலர் எப்படி ஏங்கினார் என்று எழுத என் பேனாவுக்குத் தெம்பு போதாது. மூன்று வருஷமாகக் கடிதம் எழுதியவர். ஒரு கடிதத்துக்கும் பதில் வராதவர். தபால்காரரைக் கண்டால் கண் கலங்குகிறவர். "அந்த மேசையில ஒரே ஒரு தடவை உட்கார்ந்துட்டாப் போதும் நப்போசா. நான் சொல்றதை யாராவது எழுதிக்கிட்டாப் போதும்" என்று போன வாரம் அவர் சொன்னபோது, குரல் உடைந்தே விட்டது. நப்போசாவுக்கும் ஓர் ஆசை இருந்தது: நாற்காலி கிடைத்தால் கத்தலெல்லாம் புகோட்டோவுக்கு, கம்பெனி மாடிக்குப் போய்விடும். வீடு வீடாக இருக்கும்.

இன்று மதியச் சாப்பாட்டுக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. நேரில் பார்த்து முடிவு செய்ய. அதனால்தான் நப்போசா விடிந்ததிலிருந்து கோழியை வாழையிலையில் கட்டி வேகவைத்துக்கொண்டிருக்கிறாள்.

வந்தவள் பெயர் பபிரியே. இருபத்தாறு வயதிருக்கலாம். கையில் ஒரு டேப்லெட், கண்ணில் தூக்கமின்மை. ஜீன்ஸ் போட்டிருந்தாலும் பெரியவர்களைக் கண்டதும் முழங்காலை மடித்து, வீட்டார் நலம், வேலை நலம், போன வார நலம், இந்த வார நலம் எல்லாம் முறையாக விசாரித்தாள். கயோண்டோ எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கோம்" என்று சொல்லி முடித்த அதே மூச்சில், "நான் தோத்ததுக்காகச் சொல்லல…" என்று ஆரம்பித்தார்.

கோழி முடியும்வரை சொன்னார். நிலக்கடலைக் குழம்பு முடியும்வரை சொன்னார். பபிரியே தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

"ஐயா, ஒரு விஷயம். கலோலி வெச்சு ஆடினவங்க நூறு ஆட்டத்துக்கு அம்பத்தொண்ணுதான் ஜெயிக்கிறாங்க. கணக்கு எங்ககிட்ட இருக்கு" என்றாள் கடைசியில்.

"அந்த அம்பத்தொண்ணும் எனக்கு எதிரா நடந்ததும்மா!"

"நல்லா ஆடறவங்க கையிலதான் அது ஜெயிக்குது. மத்தவங்க குப்பை சேர்க்கறதுக்குள்ள செத்துப் போயிடறாங்க."

"நல்லா ஆடறதா? கலோலியை வெச்சுக்கிட்டு என்னத்த ஆடறது? எங்க மாமியார் ஆடினாலும் ஜெயிப்பாங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியாது."

"எங்கம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். உங்களைப் பார்க்கப் பிடிக்காமத்தான் மூடிக்கிறாங்க" என்றாள் நப்போசா, தண்ணீர் ஊற்றியபடி.

பபிரியே சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்லெட்டைத் துடைத்து மேசைமேல் சாய்த்து வைத்தாள். "இப்ப ஒரு சோதனை இருக்கு ஐயா. அஞ்சு பேருக்கும் இதே சோதனைதான். அஞ்சு ஆட்டம் காட்டுவேன். ஒவ்வொண்ணும், மிஞ்சின அஞ்சு பேர்ல ஒருத்தர் ஜெயிச்ச ஆட்டம். பேர் மறைச்சிருக்கோம். நீங்க எதிர் நாற்காலியிலேருந்து, தோத்தவர் பார்த்த மாதிரியே பார்ப்பீங்க. பார்த்துட்டு, இவரை மேசையில சேர்த்துக்கலாமா வேண்டாமான்னு சொல்லணும். ஒருத்தரை அஞ்சு பேர்ல யாராவது ஒருத்தர் ‘வேண்டாம்’னு எழுதிட்டாலும் அவருக்கு நாற்காலி கிடையாது. அதனால நல்லா யோசிச்சு எழுதுங்க."

"அப்ப என் ஆட்டமும் இதுல இருக்கு!"

"இருக்கு."

"நான் என் ஆட்டத்தைத் தூக்கத்துலகூடக் கண்டுபிடிச்சிடுவேனே? அப்புறம் சோதனை எப்படி நடக்கும்?"

"கண்டுபிடிச்சா நல்லதுதான் ஐயா" என்றாள் பபிரியே. பிறகு நப்போசா பக்கம் திரும்பினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்க எது யாருதுன்னு எடுத்துக் கொடுத்தா, மனுவே செல்லாம போயிடும்."

"எனக்கு என்னம்மா தெரியும்" என்று சொல்லி நப்போசா தட்டுகளை எடுத்தாள்.

முதல் ஆட்டம் ஓடியது. கயோண்டோ "பரவாயில்ல, சேர்த்துக்கலாம்" என்றார். இரண்டாவதற்கும் அதையே சொன்னார். கை மட்டும் கொஞ்சம் அலட்சியமாக அசைந்தது. பிறகு மூன்றாவது ஆட்டம் தொடங்கியது.

வாசகர்களே, எதிர் நாற்காலி என்பது பொல்லாத நாற்காலி. அதில் உட்கார்ந்த மறுகணமே தோற்பது நாம்தான் என்று ரத்தம் நம்பிவிடும். நம் காவலருக்கு ரத்தம் கொஞ்சம் சீக்கிரமே நம்பும். மூன்றாம் எண்காரர் நாலாவது சுற்றில், தன்னிடமிருந்த நல்ல மீன் சீட்டைத் தானே கழித்துக் குப்பையில் போட்டார். ஆறாவது சுற்றில் கலோலி கையில் இருந்தும் இறக்கவில்லை. இரண்டு சுற்று காத்திருந்தார். எட்டாவதில் அந்தச் சீட்டை மேலே தூக்கினார், கீழே வைத்தார், தூக்கினார், வைத்தார். மூன்றாம் முறை தூக்கி இறக்கினார். நாரை பன்னிரண்டு சீட்டைத் தின்று எழுந்து நின்றது. ஆட்டம் முடிந்தது.

தட்டு கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்த நப்போசாவின் கை சோப்பு நுரைக்குள் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை! இதே மீனைக் கழித்துப் போட்ட கதையை, கழித்துப் போடும்போது தன் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதை, நாரையைப் பிடித்து வைத்த அந்த இரண்டு சுற்றில் தனக்கு வியர்த்ததை, அவள் கணவர் செவ்வாய்க்கிழமை அவளுக்கு நான்கு தடவை சொல்லியிருந்தார். நான்காவது தடவையில் குழம்பு அடிப்பிடித்தது. அதைவிட, அந்த மூன்று தரம் தூக்கி வைக்கிற பழக்கம்! சந்தையில் மீனைத் தூக்கிப் பார்ப்பார், வைப்பார், தூக்குவார். கல்யாணத்தன்று மோதிரத்தைக்கூட மூன்று தரம் தூக்கி வைத்துவிட்டுத்தான் போட்டார். பாதிரியாரே இருமினார்.

"இதோ பாரும்மா!" கயோண்டோ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். முகம் செம்மண் சாலைபோலச் சிவந்திருந்தது. "இவன்தான்! இவனை மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஆட்டமே கெட்டுப் போச்சு. மீனைத் தூக்கிக் குப்பையில போடறான். மூளை இருக்கறவன் போடுவானா? அதிர்ஷ்டம்! அப்புறம் நாரையை வெச்சுக்கிட்டு முழிக்கிறான். எப்ப இறக்கணும்னுகூடத் தெரியல. தூக்கறான், வைக்கிறான், தூக்கறான், வைக்கிறான், கை நடுங்குது பயலுக்கு! இவன் எங்க ஆடறான்? நாரை ஆடுது. இவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கறான்."

நப்போசா இருமினாள்.

"தண்ணி குடி" என்றார் கயோண்டோ, திரும்பாமலே. "எனக்கு இது யாருன்னும் தெரியும்மா. தெருக்கோடில முடிவெட்டறானே சாலி, அவன். அந்தத் திருட்டுக் கையை நான் எங்க வேணா கண்டுபிடிப்பேன்."

"பேரை விடுங்க ஐயா. ஆட்டத்தை மட்டும் சொல்லுங்க." பபிரியேயின் குரல் ஏனோ இறங்கியிருந்தது. "அந்த ரெண்டு சுத்து காத்திருந்தாரே, அதைப் பொறுமைன்னு பார்க்கலாமில்ல?"

"பொறுமையா? அது பயம்!"

"மீனைக் கழிச்சது, நாரைக்குத் தீனி சேர்க்கன்னு…"

"கை தவறிப் பட்டிருக்கும்!"

அடுக்களையில் ஒரு பாத்திர மூடி விழுந்தது. தானாக விழவில்லை. "என்னங்க," என்றாள் நப்போசா வாசற்படியில் வந்து நின்று, "அவசரப்படாம இன்னொரு தரம் பாருங்களேன். பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"நப்போசா, இது சமையல் இல்ல. சமநிலை."

அவள் வாயைத் திறந்தாள். பபிரியே விரலை லேசாக உயர்த்தினாள். நப்போசா வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் கணவரின் மானம் பிழைக்கும். ஆனால் சொன்ன கணமே மனு செத்துப்போகும். எந்த மனைவிக்கும் வரக்கூடாத சோதனை இது. கண்களில் முட்டிய நீரை வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால், வெங்காயம் காலையிலேயே அரிந்தாகிவிட்டது.

"எழுதிக்கோம்மா" என்றார் கயோண்டோ. மூன்று வருஷமாக அவர் ஏங்கிய சொல் அல்லவா? நிறுத்தி நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "மூன்றாம் எண் வேண்டாம். இப்படிப்பட்ட ஒருவரை மேசையில் உட்கார வைப்பது ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம்."

பபிரியே தாளில் எழுதினாள். ரொம்ப மெதுவாக எழுதினாள். "நிச்சயமாவா ஐயா?"

"நிச்சயமா."

"துரோகம்ங்கற வார்த்தையை வேணா…"

"அது இருக்கட்டும்."

நான்காவது ஆட்டம் வந்தது, போனது. ஐந்தாவது தொடங்கி இரண்டு சுற்றுகூட ஆகவில்லை. கயோண்டோவின் முகம் மலர்ந்தது. அந்த ஆட்டக்காரர் தயங்கவே இல்லை. சரக், சரக்கென்று இரண்டே வீச்சில் எதிராளியின் சீட்டுகளை வழித்து எடுத்துவிட்டார். கலோலி ஆறாவது சுற்றில், நொடி தவறாமல் இறங்கியது.

"ஆஹா!" கயோண்டோ மார்பில் கை வைத்துக்கொண்டார். "சொன்னேனே, கண்டுபிடிச்சிடுவேன்னு! பாரு நப்போசா, பாரு அந்தத் தெளிவை! நாரையை இறக்கற நேரத்தைப் பாரு. கலோலிங்கறது ஆழமான சீட்டும்மா, ஆடத் தெரிஞ்சவன் கையில. நான் என்னைப் பத்தியே சொல்லிக்கக் கூடாது. இருந்தாலும் எழுதிக்கோ. அஞ்சாம் எண்ணுக்கு இந்த நாற்காலியைக் கொடுக்கலேன்னா வேற யாருக்குக் கொடுக்கறது?"

நப்போசா ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தாள். தன் கணவர் வாழ்க்கையில் எதையும் இரண்டு வீச்சில் முடித்ததை அவள் கண்டதில்லை. இரண்டு வீச்சில் வேலையை முடிக்கிறவர் இந்தத் தெருவில் ஒருவர்தான் உண்டு. அவர் கையில் சவரக்கத்தி இருக்கும்.

கயோண்டோ தாளை வாங்கி, பேனாவை மூன்று தரம் தூக்கி வைத்து, கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, விருந்தாளிக்குக் கொடுத்தனுப்ப வாழைப்பழச் சீப்பு எடுத்து வரப் பின்கட்டுக்குப் போனார். நடையில் ஒரு துள்ளல். அவர் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டுவிட்டார்!

அவர் மறைந்ததும் நப்போசா பபிரியேயின் முழங்கையைப் பிடித்தாள். "பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா."

"உங்க முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுதுக்கா." பபிரியே தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "மத்த நாலு பேரையும் பார்த்துட்டுத்தான் இங்க கடைசியா வந்தேன். நாலு பேரும் மூணாம் நம்பருக்குத்தான் ‘இவரையே சேர்த்துக்கோங்க’ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் எழுதியிருக்கார், ‘எட்டாவது சுற்றுவரை நாரையைப் பிடித்து வைத்திருந்த மனுஷனுக்கு இரும்பு நெஞ்சு, இவரிடம் தோற்றதுகூட எனக்கு ஒரு பாடம்’னு."

"யாரு அது?"

"பேர் சொல்லக்கூடாதுக்கா." பபிரியே தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு முடிவெட்டறவர்னு மட்டும் நீங்களா நெனச்சுக்கிட்டா நான் தடுக்க முடியாது."

நப்போசாவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ரெண்டும் சேர்ந்து வந்தது. பதினெட்டு வருஷமாக அவளோடு வாழ்ந்த மனிதர். அவருக்கு நிஜமாகவே ஆடத் தெரியும் என்று நாலு அந்நியர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பாத ஒரே ஆள் பின்கட்டில் வாழைப்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்!

"இதை மாத்த வழியே இல்லையாம்மா?"

"நான் இந்த வாசலைத் தாண்டறவரைக்கும் அவரே அடிச்சுட்டு மாத்தி எழுதலாம். அதுக்கு விதி இருக்கு. ஆனா அவரே சொல்லணும்."

கயோண்டோ பழச் சீப்போடு வந்தார். நப்போசா அவர் கையைப் பிடித்தாள். பதினெட்டு வருஷத்தில் விருந்தாளி முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை.

"என்னங்க, எனக்காக ஒரு காரியம். அந்த மூணாம் நம்பரை வேண்டாம்னு எழுதினீங்களே, அதை அடிச்சுடுங்க. அந்த ஆளை எனக்குத் தெரியாது. ஆனா அவருக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா. அவரு ஜெயிச்சுட்டு வந்து சொன்ன கதையை நாலு தடவை கேட்டிருப்பா. குழம்பைக்கூடக் கருக விட்டிருப்பா. அவளுக்காகவாவது, அவரு நல்லாத்தான் ஆடினாருன்னு ஒரு வார்த்தை…"

கயோண்டோ அவளைக் கனிவாகப் பார்த்தார். ரொம்பக் கனிவாக. தோள்மேல் கை வைத்தார். பபிரியேயின் பேனா, திறந்தபடி, தாளுக்கு மேலே நின்றது.

"உனக்கு இளகின மனசு நப்போசா. அதனாலதான் உன்னை எந்த மேசையிலயும் உட்கார வைக்க முடியாது." பபிரியே பக்கம் திரும்பினார். "இன்னொரு வரி சேர்த்துக்கோம்மா. ‘அவர் மனைவி வந்து கெஞ்சினாலும் மனம் மாறக்கூடாது.’"

பபிரியே அதையும் எழுதினாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் குனிந்து செருப்புப் பட்டையைத் தேடத் தொடங்கினாள். அவள் அதை மாட்டி முடிப்பதற்குள், வாசகர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது. நீங்கள் சீட்டாடுவதில்லை, ஆடினாலும் கைபேசியில் ஆடுவதில்லை, நாரையோடு உங்களுக்கு எந்தப் பகையும் இல்லை. நல்லது. ஆனால் போன மாதம் உங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வு வாங்கினாரே ஒருவர், அவரைப் பற்றி வீட்டில் என்ன சொன்னீர்கள்? எதிர்வீட்டுப் பெண் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது, கேள்வித்தாள் சுலபம் என்று சொன்னது யார்? உங்கள் வெற்றிகளை எல்லாம் ஒருநாள் யாராவது பெயரை மறைத்து, எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, உங்களுக்கே போட்டுக் காட்டினால், "நல்லாத்தான் ஆடியிருக்கான்" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வருமா? நான் தோற்றதற்காகக் கேட்கவில்லை. சும்மா கேட்கிறேன்.

பபிரியே நிமிர்ந்தாள். விருந்தாளியைத் தெருமுனைவரை கூடவே நடந்து வழியனுப்புவதுதான் முறை. கயோண்டோ செருப்பை எடுத்தார். "வேண்டாம் ஐயா, இன்னிக்கு நான் தனியாவே போறேன்" என்றாள் பபிரியே. வாழைப்பழச் சீப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நப்போசாவை ஒரு தரம் பார்த்தாள், முழங்காலை மடித்தாள், வாசலைத் தாண்டினாள்.

"ஆட்டத்துக்கு இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன்" என்றார் கயோண்டோ.

பிறகு கதவைச் சாத்தினார். வேறு யாரும் சாத்தவில்லை. உள்ளே நின்றுகொண்டு, தன் கையாலேயே சாத்தி, தாழும் போட்டார்.